உளி கைமாறும் இடம்

(திருநெல்வேலியில் நூலக வாசகர் வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரத்துக்குப் பக்கத்தில் நான் உறுப்பினராக இருக்கும் மரக்கடைசல் சங்கத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். கடைசல் என்றால் என்ன என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானை வைத்து விளையாடாத பிள்ளைகள் நம் பக்கத்தில் ஒரு காலத்தில் கிடையாது. கட்டில் கால், தொட்டில் கம்பு, மத்து, பூரிக்கட்டை, பம்பரம் எல்லாம் கடைசல் பட்டறையிலிருந்து வந்தவைதான். ஆனால் கடைசலுக்கு ஒரு சங்கம் என்பது நமக்குப் புதிது. இங்கே அது குடும்பத் தொழில். அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும். பிள்ளை வேண்டாம் என்றால் அதோடு நின்றுவிடும்.

நான் சொல்லப்போகும் சங்கத்தில் யாருக்கும் அது பிழைப்பு இல்லை. ஓய்வுபெற்ற தபால்காரர் இருக்கிறார். பல் மருத்துவர், பள்ளி ஆசிரியை, பால் பண்ணைக்காரர், என்னைப் போலக் கணினியில் காலம் கழித்தவர்கள் இருக்கிறோம். எங்களில் யாருடைய அப்பாவும் கடைசல்காரர் இல்லை. பரம்பரை இல்லாத இத்தனை பேர் ஒரு கைத்தொழிலை எப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான் எங்கள் வழி. அதைச் சொல்வது சுலபம். அது நடக்க வேண்டுமானால் எத்தனை ஏற்பாடு வேண்டும் என்பதைக் கேளுங்கள்.

மாதம் ஒரு மாலை கூடுவோம். ஒரு பள்ளிக்கூடத்தின் மரவேலைக் கூடத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். உள்ளே நுழைந்ததும் நீளமான மேசை ஒன்று கிடக்கும். வருகிறவர்கள் அந்த மாதம் கடைந்ததைக் கொண்டுவந்து அதில் வைப்பார்கள். கிண்ணம், மூடி போட்ட டப்பி, பேனா, பம்பரம், உப்பு மிளகு அரைக்கும் குடுவை என்று மேசை நிறைந்துவிடும். கடையும்போதே சுவர் பிய்ந்துபோன பாத்திரமும் அதே மேசையில்தான் இருக்கும். அதைப் பார்க்கத்தான் கூட்டம் அதிகம் சேரும்.

கடைசல் தெரிந்தவர் ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பார். லேத்தில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்த சக்கின் தடம் அடியில் அப்படியே நிற்கிறதா, அல்லது திருப்பி மாட்டி அதையும் கடைந்து முடித்திருக்கிறாரா என்று பார்ப்பார். அடுத்து கட்டைவிரலை உள்ளேயும் மற்ற விரல்களை வெளியேயும் வைத்து, விளிம்பிலிருந்து அடிவரை மெதுவாக வழுக்கிக்கொண்டு போவார். சுவர் ஒரே கனத்தில் இறங்குகிறதா, நடுவில் எங்காவது தடிக்கிறதா என்பதை விரல் சொல்லிவிடும். கண் தவறவிட்ட மேட்டை விரல் தவறவிடாது. கடைசியாக வெளிச்சத்தில் சாய்த்து, உப்புத்தாள் போட்ட கீறல் வட்டவட்டமாகத் தெரிகிறதா என்று பார்ப்பார். இவ்வளவையும் செய்துவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் கிண்ணத்தைத் திரும்ப வைத்தால், அதைக் கடைந்தவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

கூட்டம் தொடங்கியதும் ஒவ்வொருவரும் எழுந்து தங்கள் பொருளைப் பற்றிப் பேச வேண்டும். என்ன மரம், எங்கே கிடைத்தது, எந்த உளி, எங்கே சிக்கல் வந்தது, எப்படி முடித்தீர்கள் என்று கேள்வி வரும். யாரும் மழுப்புவதில்லை. பூச்சு எண்ணெயில் எதை எவ்வளவு கலந்தீர்கள் என்று கேட்டால் அளவோடு சொல்வார்கள். குறித்துக்கொள்ளத் தாளும் நீட்டுவார்கள். விமர்சனம் என்ற இடத்தில் மட்டும் எனக்கு ஒரு குறை உண்டு. அந்த ஊர்க்காரர்கள் மிகவும் மென்மையானவர்கள். எதைப் பார்த்தாலும் அருமை என்பார்கள். அருமை என்று கேட்டுக்கொண்டே இருந்தால் கை வளராது. அதற்காகவே விமர்சனம் வேண்டும் என்று கேட்பவர்களின் பொருட்களுக்குத் தனி மூலை ஒதுக்கினோம். அங்கே வைத்தால் மூத்தவர்கள் இருவர் முகத்துக்கு நேரே சொல்வார்கள்: விளிம்பு கனம், அடி அகலம், வளைவு இந்த இடத்தில் உடைந்து போயிருக்கிறது. ஆளே வராது என்று நினைத்தவர்களும் உண்டு. இப்போது அங்கே இடம் பிடிக்கப் போட்டி.

கூட்டம் முடிவதற்கு முன் ஒரு குலுக்கல் நடக்கும். அமெரிக்கச் சங்கங்களில் பரவலாக உள்ள வழக்கம் இது. ஒருவர் தான் கடைந்த பொருளைக் கொண்டுவருவார். குலுக்கலில் பெயர் வந்தவர் அதை எடுத்துக்கொண்டு போகலாம். ஒரே நிபந்தனை, அடுத்த மாதம் அவர் தன் கையால் கடைந்த ஒன்றைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு நாற்பது வருட அனுபவசாலியின் டப்பி விழும்; அனுபவசாலிக்குப் புதியவரின் முதல் கிண்ணம் விழும். இரண்டையும் அவரவர் வீட்டு அலமாரியில் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த மாதம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் சோம்பேறியைக்கூடப் பட்டறைக்கு அனுப்பிவிடுகிறது.

இந்தத் திறந்த மனது எல்லாக் காலத்திலும் இருந்ததல்ல. லண்டனில் கடைசல்காரர்களின் தொழிற்குழு ஒன்று இன்றும் இருக்கிறது. முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1604இல் அதற்கு அரச சாசனம் வழங்கினார். அக்காலத்துத் தொழிற்குழுக்களின் வேலை தொழிலைக் காவல் காப்பது. நகரத்துக்குள் யார் செய்யலாம், யாரிடம் எத்தனை ஆண்டு பயில வேண்டும் என்று அவை விதித்தன. பிழைப்பே அதில்தான் என்னும்போது அந்தக் காவலை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காவலில் இருக்கும் வித்தைக்கு ஒரு ஆபத்து உண்டு: அது தெரிந்த கடைசி ஆள் போனால் அதுவும் போய்விடும்.

இங்கிலாந்தில் பெர்க்‌ஷயர் பகுதியில் பக்கிள்பரி என்ற ஊரில் ஜார்ஜ் லெய்லி என்றொருவர் இருந்தார். அவருடைய லேத்தில் மின்சாரம் கிடையாது. மேலே வளையும் கழி, கீழே மிதி, நடுவில் மரத்தைச் சுற்றிய கயிறு. மிதித்தால் கட்டை முன்னால் சுழலும். காலை எடுத்தால் கழி நிமிர்ந்து கட்டையைப் பின்னால் சுழற்றும். முன்னால் சுழலும் அந்த நேரத்தில் மட்டும்தான் உளி வெட்டும். இப்படி மிதித்து மிதித்து ஒரே கட்டையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் கிண்ணங்களை அவர் எடுத்தார். கிண்ணத்தின் உள்ளே போய் வளைந்து வெட்டும் கொக்கி உளிகளை வைத்துத்தான் அது முடியும். 1958இல் லெய்லி காலமானார். அவரோடு அந்த வேலையும் நின்றது. லேத்தும் உளிகளும் ரெடிங் நகரத்தில் உள்ள ஆங்கிலக் கிராமிய வாழ்க்கை அருங்காட்சியகத்துக்குப் போயின. பல ஆண்டுகள் கழித்து ராபின் வுட் என்பவர் அங்கே போய் அந்தக் கருவிகளை ஆராய்ந்து, அதே போலச் செய்து, தானே கடைந்து கடைந்து அந்த வித்தையை மீட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாததால் இரும்பையும் மரத்தையும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. லெய்லியின் பட்டறையில் ஒரே ஒரு ஆள் கூட நின்று கற்றிருந்தால் அத்தனை வருட உழைப்பு தேவைப்பட்டிருக்காது.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே நல்ல கிண்ணம் கடைந்தவர்கள் அங்கொருவர் இங்கொருவராக, ஒருவரை ஒருவர் அறியாமல் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான பாப் ஸ்டாக்ஸ்டேல், இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்களை வைத்திருந்த முகாமில் கிண்ணம் கடையத் தொடங்கியவர். 1976இல் ஆல்பர்ட் லெகாஃப் என்ற இளைஞரும் வேறு சிலரும் பிலடெல்பியா பக்கம் கடைசல்காரர்களை ஒரே இடத்தில் கூட்டிச் செயல்முறைக் கூட்டங்கள் நடத்த ஆரம்பித்தார்கள். 1985இல் டென்னசி மாநிலத்தின் ஆரோமான்ட் கைவினைப் பள்ளியில் பெரிய மாநாடு ஒன்று நடந்தது. அங்கே பேசியதன் விளைவாக 1986இல் அமெரிக்க மரக்கடைசல் சங்கம் பிறந்தது. அதன் தலைமையகம் எங்கள் செயின்ட் பால் நகரத்தில்தான் இருக்கிறது. உள்நாட்டிலும் வெளிநாட்டிலுமாக 350க்கும் மேற்பட்ட உள்ளூர்ச் சங்கங்கள் அதோடு இணைந்திருக்கின்றன. அடுத்த ஆண்டே பிரிட்டனிலும் அப்படியொரு சங்கம் எழுந்தது.

அமெரிக்கச் சங்கத்தின் முதல் தலைவர் டேவிட் எல்ஸ்வொர்த். விரல் நுழையும் அளவுக்கு வாய் வைத்து, உள்ளே முழுவதையும் குடைந்து, முட்டை ஓடு போல மெல்லிய சுவரோடு பாத்திரங்கள் கடைந்தவர். உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. உளியின் ஓசையையும் கையில் வரும் அதிர்வையும் வைத்துத்தான் வேலை. அதற்கான வளைந்த கருவிகளை அவரே வடிவமைத்தார். எப்படிச் செய்தார் என்பதைத் தேடி வந்தவர்களுக்கெல்லாம் கற்றுக் கொடுத்தார். நகவுளிக்கு அவர் சாணை பிடித்த விதம் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. எங்கள் கூடத்தில் புதிதாக வருகிறவருக்கு முதல் வாரமே அந்தச் சாணையைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம்.

அந்த முதல் வாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சனிக்கிழமை காலைகளில் கூடம் திறந்திருக்கும். கற்றுக்கொள்ள வந்தவருக்கு ஒரு மூத்தவர் துணை. லேத்தைத் தொடுவதற்கு முன் முழு முகத்தையும் மறைக்கும் கவசம் மாட்ட வேண்டும். கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது. மரத்தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் மூக்குக்கு மூடி. பிறகு வேகம். கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் அளந்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதோடு பெருக்கினால் விடை 6,000க்கும் 9,000க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. பத்து அங்குலக் கட்டை என்றால் 600 முதல் 900 சுற்று. கோணல்மாணலான கட்டைக்கு இன்னும் குறைவாகத் தொடங்குவார்கள். விசையைப் போடும்போது கட்டை கழன்றால் எந்தப் பக்கம் பறக்குமோ அந்தப் பக்கம் நிற்கக் கூடாது.

இதற்கப்புறம்தான் உளி. முதலில் உளித்தாங்கியில் ஊன்று. அடுத்து, வாய்க்குப் பின்னால் இருக்கும் சரிவை மரத்தின் மேல் உரசவிடு, இன்னும் வெட்டாதே. கடைசியாகப் பிடியை மெல்ல உயர்த்து, வாய் தானாகக் கவ்வும். இந்த வரிசை மாறினால் உளி மரத்தில் மாட்டி வெடுக்கென்று இழுக்கும். கை மட்டுமல்ல, நெஞ்சும் அதிரும். கற்றுக் கொடுப்பவர் பின்னால் நின்று உளிப்பிடியின் கடைசியில் தன் கையையும் வைத்திருப்பார். கிண்ணத்தின் வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பை நோக்கி வெட்ட வேண்டும், உட்புறத்தை விளிம்பிலிருந்து அடியை நோக்கி. அப்படி வெட்டினால் நார்கள் ஒன்றை ஒன்று தாங்கும்; எதிர்த் திசையில் போனால் பிய்ந்து வரும். சரியாக வெட்டும்போது சத்தம் மாறிவிடும். கரகரவென்று இருந்தது சீறலாகும், தூளாகக் கொட்டியது நீளச் சுருளாகத் தோளுக்கு மேல் பறக்கும். அந்த நேரத்தில் மூத்தவர் தன் கையை எடுத்துவிடுவார். கற்றுக்கொள்பவருக்குப் பெரும்பாலும் அது தெரிவதே இல்லை. இதைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது, காணொளியிலும் முடியாது. ஒருவர் கைமேல் இன்னொருவர் கை இருந்தாக வேண்டும். சங்கம் என்று ஒன்று தேவைப்படுவதே இதனால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். பெரும்பாலும் காசு கொடுத்து வாங்குவதில்லை. புயலில் மேப்பிள் மரம் சாய்ந்தால், தெருவில் மாநகராட்சி மரம் வெட்டினால், உறுப்பினர் ஒருவர் போன் செய்வார். உடனே நாலைந்து பேர் சங்கிலி ரம்பத்தோடு போய்விடுவோம். கட்டையை நடுநெஞ்சு வழியே பிளந்து, வெட்டு முனைகளில் மெழுகு தடவி எல்லோரும் பகிர்ந்துகொள்வோம். பச்சை மரத்தை முதலில் கனமாகக் கடைந்து வைப்பது வழக்கம். பத்து அங்குலக் கிண்ணம் என்றால் சுவர் ஒரு அங்குலம். காகிதப் பையில் சீவலோடு போட்டு மாதக்கணக்கில் உலர விடுவோம். மரம் வளையங்களின் போக்கில் அதிகமாகவும் குறுக்கே குறைவாகவும் சுருங்குவதால் வட்டம் நீள்வட்டமாகிவிடும். எடை குறைவது நின்றதும் மறுபடி லேத்தில் ஏற்றி மெல்லியதாக முடிப்போம்.

எங்கள் ஊரில் இப்போது கிடைப்பதில் பெரும்பகுதி ஆஷ் மரம். அது மகிழ்ச்சியான விஷயமில்லை. முன்பு எல்ம் மரங்கள் நோயில் அழிந்தபோது தெருவெங்கும் அதற்கு மாற்றாக ஆஷ் நட்டார்கள். 2002இல் டெட்ராய்ட் அருகே ஆசியாவிலிருந்து வந்த பச்சை நிற வண்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்று, மரத்துக்கு நீரும் உணவும் போகும் வழியை அடைத்துவிடும். 2009இல் செயின்ட் பாலுக்கும் வந்துவிட்டது. தெருத் தெருவாக மரங்களை வெட்டினார்கள். தன் வீட்டு வாசலில் நின்ற மரம் விழுந்ததும், அதில் ஒரு துண்டைச் சங்கத்துக்குக் கொண்டுவந்து கிண்ணமாகக் கடைந்து தரக் கேட்டவர்கள் பலர். அவர்களிடம் நாங்கள் காசு வாங்குவதில்லை. பேரப்பிள்ளைகள் ஏறி விளையாடிய மரம் என்பார்கள். கடைந்து கொடுப்பதோடு, முடிந்தால் அவர்களையும் கூடத்துக்கு அழைத்து ஒரு வெட்டாவது வெட்டச் சொல்வோம். அப்படி வந்து உறுப்பினரானவர்களும் உண்டு.

சங்கம் வெளியாருக்குச் செய்பவற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமானது குழந்தைகளுக்கான டப்பி. புற்றுநோய் போன்ற கடும் நோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கு, படும் ஒவ்வொரு வேதனைக்கும் ஒரு மணி கொடுக்கும் தொண்டு அமைப்பு அரிசோனா மாநிலத்தில் இருக்கிறது. ஊசி குத்தினால் கருப்பு மணி, கீமோதெரபிக்கு வெள்ளை மணி. குழந்தை அவற்றைக் கோத்து வைத்துக்கொள்ளும். நீண்ட சிகிச்சையில் மணிகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிடும். அவற்றை வைத்துக்கொள்ள மூடியுள்ள மரப்பெட்டிகளைக் கடைசல் சங்கங்கள் செய்து அனுப்புகின்றன. கடைசல்காரருக்கு டப்பி மூடி இறுக்கமாகப் பொருந்துவதில்தான் பெருமை. காற்றுப் புகாமல், எடுத்தால் டப்பென்று சத்தம் வர வேண்டும். ஆனால் இந்தப் பெட்டிக்கு மூடி தளர்வாக இருக்க வேண்டும், பெரிய குமிழ் வேண்டும். ஊசி ஏறிக்கொண்டிருக்கும் கையை அசைக்க முடியாமல், மற்றொரு பிஞ்சுக் கையால் குழந்தை திறக்க வேண்டும் அல்லவா? முப்பது ஆண்டுகள் செவிலியராக இருந்த எங்கள் உறுப்பினர் அம்மையார் ஒருவர், வரும் பெட்டிகளை எல்லாம் இடது கையால் திறந்து பார்த்துத்தான் அனுப்புவார். இறுகினால் திருப்பிக் கொடுத்துவிடுவார். எவ்வளவு அழகான பெட்டியாக இருந்தாலும் விட மாட்டார். அவர் செய்வது முற்றிலும் சரி.

உறுப்பினர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். அதனால் சாவும் எங்களுக்குப் பழகிய விஷயம். ஒருவர் இறந்துவிட்டால் அவர் வீட்டு நிலவறையில் லேத், உளிகள், சக்குகள், வருடக்கணக்காகச் சேர்த்த கட்டைகள் எல்லாம் கிடக்கும். அவற்றின் விலை அந்த வீட்டாருக்குத் தெரியாது. வந்த விலைக்குத் தள்ளிவிட நேரும். சங்கத்திலிருந்து சிலர் போய் ஒவ்வொன்றுக்கும் நியாயமான விலை போட்டு, உறுப்பினர்களிடையே விற்று, வந்த பணம் முழுவதையும் குடும்பத்திடம் சேர்ப்பார்கள். பாதியில் நின்ற கிண்ணங்கள் இருந்தால் யாராவது எடுத்துப் போய் முடித்து, பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். எங்கள் கூடத்தில் பல உளிப்பிடிகளில் பழைய பெயரெழுத்துகள் பொறித்திருக்கும். இது இன்னாருடைய சாய்வாய் உளி என்று சொல்லித்தான் புதியவர் கையில் கொடுப்போம்.

நம் ஊர் வித்தையையும் அங்கே நான் காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் செய்து காட்ட வேண்டும். பின் வரிசைக்கும் தெரிய, லேத்துக்கு மேலே கேமரா வைத்துத் திரையில் போடுவோம். என் முறை வந்தபோது இங்கிருந்து அரக்குக் குச்சிகள் கொண்டுபோனேன். சுழலும் மேப்பிள் கட்டையில் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படியும். தூரிகை வேண்டாம், காயக் காத்திருக்கவும் வேண்டாம். அவர்கள் எண்ணெய் பூசி வாரக்கணக்கில் காத்திருந்து பழகியவர்கள். அசந்துபோனார்கள். அடுத்த மாதம் அந்த நீள மேசையில் சிவப்பும் மஞ்சளுமாக அரக்கு டப்பிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இதை உங்களுக்கு யார் கற்றுக் கொடுத்தது என்று கேட்டார்கள். அம்பாசமுத்திரத்து ஆசாரி ஒருவர் என்றேன். அவரிடம் இப்போது எத்தனை பேர் கற்கிறார்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. ஒருவரும் இல்லை என்று சொல்ல எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

அதனால்தான் இந்தக் கூட்டத்தில் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அந்த ஆசாரி இன்று இங்கே வந்திருக்கிறார். முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார். மாதம் ஒரு ஞாயிறு காலை வந்து சொல்லிக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். இது அவருக்குப் பிழைப்பு. ஆகவே அவருடைய ஒரு நாள் கூலியைக் குறைவில்லாமல் கொடுத்துவிட வேண்டும். அதில் பேரம் கூடாது. நான் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சின்ன லேத் பின்கட்டுக் கூடத்தில் இருக்கிறது. அதை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன். ஆண், பெண், சிறுவர் யார் வேண்டுமானாலும் வரலாம், எந்தக் குடும்பத்தில் பிறந்தவர் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

இப்போது தேநீர். அதற்குப் பிறகு ஐயா ஒரு பம்பரம் கடைந்து காட்டுவார். பார்க்க வருகிறவர்கள் துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள், கூந்தலைக் கட்டிக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்க ஆசைப்படுகிறவர்களுக்கு வாசலில் முகக்கவசம் வைத்திருக்கிறேன்.